டெக் நியூஸ் வந்ததும் கிளம்புற நக்கலை வேலைக்கு ஆகுற மாதிரி மாத்துறது எப்படி

பெரிய டெக் நியூஸ் ஒண்ணு வந்தா போதும், அஞ்சு நிமிஷத்துல டீம் சாட்ல ஜோக் ஆரம்பிச்சிடும். ஏதோ ஒரு பெரிய சர்வீஸ் படுத்துச்சுன்னா "டிஎன்எஸ்ஸா தான் இருக்கும்" (வெப்சைட் பேரை அட்ரஸா மாத்துற சிஸ்டம்), செக்யூரிட்டி ஓட்டைன்னா "போச்சு, லீவு கேன்சல்", ஏஐ நியூஸ்னா "நமக்கு இன்னும் ஆறு மாசம் தான்". சில பேரு ஜோக்க மட்டும் படிச்சிட்டு நியூஸை விட்டுடுவாங்க, சில பேரு நியூஸைப் பார்த்து பதறிட்டு அன்னைக்கே எல்லாத்தையும் அப்டேட் பண்ண ஆரம்பிச்சிடுவாங்க, ரெண்டுமே நல்லதில்ல.

நான் சொல்ல வர்றது என்னன்னா, ப்ரோக்ராமர்ஸ் அடிக்கிற நக்கல்ல பாதிக்கு மேல, எங்கேயோ அடிபட்டவங்க வாயில இருந்து வர்றது. அதுக்குள்ள உங்க சிஸ்டம் பத்தி செக் பண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு கேள்வி ஒளிஞ்சிருக்கும். அந்தக் கேள்வியை வெளியே எடுக்கிறது எப்படின்னு நியூஸ் வகை வகையா பார்ப்போம்.

மொதல்ல, ஜோக் எந்த சம்பவத்துல இருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிங்க

"பதினோரு வரி கோடு இன்டர்நெட்டையே நிறுத்திடுச்சு"ன்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. அது 2016 மார்ச்ல நடந்த லெஃப்ட்பேட் கதை. ஒரு பேக்கேஜ் (மத்தவங்க எடுத்து பயன்படுத்துற ரெடிமேட் கோடு) பேர் தகராறுல ஒரு டெவலப்பர் தன்னோட பேக்கேஜ் எல்லாத்தையும் என்பிஎம்ங்கிற ஜாவாஸ்க்ரிப்ட் பேக்கேஜ் கிடங்குல இருந்து தூக்கிட்டாரு, அதுல ஒண்ணு லெஃப்ட்பேட், ஒரு ஸ்ட்ரிங்குக்கு இடது பக்கம் எழுத்து நிரப்புற 11 வரி கோடு, அவ்வளவு தான். ஆனா பேபல் மாதிரி பெரிய பேக்கேஜ்கள் உள்ளுக்குள்ள அதை நம்பி இருந்ததால எங்கெங்கேயோ பில்டு (கோடை ஓடுற அப்ளிகேஷனா மாத்துற வேலை) உடைஞ்சுது. அப்புறம் என்பிஎம்மே அதைத் திரும்பக் கொண்டு வந்துச்சு, நெனைச்ச நேரத்துல பேக்கேஜை தூக்க முடியாதபடி ரூல்ஸும் மாத்திட்டாங்க.

இப்போ இந்த ஜோக்க கேள்வியா மாத்துங்க: வெளியே இருக்கிற ஒரு பேக்கேஜ் திடீர்னு காணாம போனா நம்ம பில்டு ஓடுமா? லாக்ஃபைல் இருக்கு, அதனால ஓடும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, ஓடாது. எந்த வெர்ஷன் வேணும்ங்கிறதை லாக்ஃபைல் பூட்டி வைக்கும், பேக்கேஜை தன்கிட்ட வெச்சுக்காது. அதுக்கு உங்க சொந்த ரெஜிஸ்ட்ரி மிரரோ (பேக்கேஜ் கிடங்கோட நகல்) கேஷோ (இறக்கி வெச்ச காப்பி) வேணும். செக் பண்றது ரொம்ப சுலபம், ஒரு பில்டு மெஷின்ல பழைய கேஷை அழிச்சிட்டு பப்ளிக் ரெஜிஸ்ட்ரிக்கு போற வழியை அடைச்சு பில்டை ஓட விடுங்க, எங்க உடையுதுன்னு பாருங்க.

செக்யூரிட்டி நியூஸ், இங்க தான் நிதானம் ரொம்ப முக்கியம்

2021 டிசம்பர்ல வந்த லாக்4ஷெல் ஓட்டை, பதிவு நம்பர் சிவிஇ-2021-44228, ஆபத்து ஸ்கோர் பத்துக்கு பத்து. அந்த ஓட்டை இருந்த லாக்4ஜேங்கிற ஜாவா லாக் எழுதுற லைப்ரரிக்கு 2.15.0 வந்துச்சு, அது பத்தலன்னு 2.16.0, அப்புறம் 2.17.0, மாசக் கடைசிக்குள்ள 2.17.1. "இந்த மாசத்துல நாலாவது தடவையா பேட்ச் பண்றேன்"னு அப்போ புலம்பாத ஜாவா ஆளே இல்ல. அந்தப் புலம்பலுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. ஒண்ணு, அந்த லைப்ரரி நம்மகிட்ட எங்கெல்லாம் இருக்குன்னு தெரியுமா? ரெண்டு, ஒரே ஒரு வெர்ஷன் நம்பரை மாத்தி அன்னைக்கே ப்ரொடக்ஷனுக்கு அனுப்ப முடியுமா?

மொத கேள்விக்கு போம் ஃபைலை (நேரா சேர்த்த லைப்ரரி லிஸ்ட்) திறந்து தேடினா பத்தாது. நீங்க நேரா சேர்க்காத லைப்ரரி, நீங்க சேர்த்த இன்னொண்ணு வழியா உள்ள வந்திருக்கும். மேவன்ல (ஜாவா பில்டு டூல்) டிபெண்டன்சி ட்ரீ கமாண்டை ஓட்டிப் பாருங்க, எந்த ஜார் (ஜாவா கோடு பொட்டலம்) எதை இழுத்துட்டு வந்திருக்குன்னு படிப்படியா காட்டும். அதோட நிக்காதீங்க, ஜாருக்குள்ள ஜாரா சுருட்டி வெச்சிருக்கிற அப்ளிகேஷன் இருக்கும், வெளியே வாங்கி ஓட்டிட்டு இருக்கிற ப்ராடக்ட் இருக்கும், அதோட சோர்ஸ் உங்ககிட்ட இருக்காது, அதனால ஓடுற சர்வர்லயே ஃபைல் பேர் வெச்சு தேடணும், அந்த ப்ராடக்ட் கம்பெனி போட்ட அறிவிப்பையும் படிக்கணும்.

இப்போ இதோட 2024 மார்ச் 29 அன்னைக்கு வெளியே வந்த எக்ஸ்இசட் பேக்டோரை, அதாவது ஃபைல் சுருக்குற லைப்ரரில ஒளிச்சு வெச்ச திருட்டு வழியை, வெச்சுப் பாருங்க. அதுக்கும் பத்துக்கு பத்து தான். ஆனா மாட்டினது 5.6.0, 5.6.1ன்னு ரெண்டே வெர்ஷன், அதுவும் பெரும்பாலும் டெஸ்டிங், ரோலிங் (எப்பவும் புது வெர்ஷன் வாங்குற) லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள்ல தான் நுழைஞ்சிருந்துச்சு, டெபியன் ஸ்டேபிள் ஓட்டிட்டு இருந்தவங்களுக்கு பாதிப்பு இல்ல. ஸ்கோர் ஒண்ணு தான், ஆனா லாக்4ஜேக்கு வாரக்கணக்குல வேலை, இதுக்கு முக்கால்வாசி பேருக்கு ரெண்டு நிமிஷ செக். ஸ்கோர் அந்த ஓட்டை எவ்வளவு மோசம்னு பொதுவா சொல்லும், உங்க சிஸ்டத்துல அது திறந்திருக்கான்னு சொல்லாது. அதனால செக்யூரிட்டி நியூஸ் எது வந்தாலும் மொதல்ல தேட வேண்டியது பாதிக்கப்பட்ட வெர்ஷன் எதுல இருந்து எது வரைங்கிற வரி. 2014ல ஹார்ட்ப்ளீட் ஓட்டை வந்தப்போ, என்க்ரிப்ஷன் லைப்ரரி ஓபன்எஸ்எஸ்எல்ல 1.0.1ல இருந்து 1.0.1எஃப் வரைக்கும், கூட 1.0.2 பீட்டாவும் தான் மாட்டுச்சு, அதை விட பழைய 0.9.8க்கு அந்த ஓட்டையே கிடையாது.

சின்ன விஷயம் ஒண்ணு, ஆனா முக்கியம். வெர்ஷன் பார்க்கணும்னு சந்தேகப்படுற புரோகிராமையே ஓட்டிப் பார்க்காதீங்க. பேக்கேஜ் மேனேஜர் கிட்ட கேளுங்க, டெபியன் வகைன்னா டிபிகேஜி, ரெட்ஹேட் வகைன்னா ஆர்பிஎம், எந்த வெர்ஷன் இன்ஸ்டால் ஆகியிருக்குன்னு அதுவே சொல்லிடும்.

எக்ஸ்இசட் விஷயத்துல இன்னொண்ணு எனக்கு ரொம்ப உறுத்துது. அதைக் கண்டுபிடிச்சது ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர், எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்து சர்வருக்குள்ள போற வழி) லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு விடாம தோண்டிப் பார்த்தாரு. "அரை செகண்டுக்கு கவலைப்பட்ட மனுஷன்"னு எல்லாரும் கொண்டாடினாங்க, சரி தான். ஆனா அதுக்கு முன்னாடி அந்த எக்ஸ்இசட் புரோஜெக்டை கிட்டத்தட்ட தனியா இழுத்துட்டு இருந்த மெயின்டெயினர் மேல, ஏன் இவ்வளவு லேட்டு, வேற ஆளை சேருன்னு யாரோ அழுத்தம் கொடுத்துட்டே இருந்தாங்க, அந்த இடைவெளியில தான் உள்ள வந்த ஆள் ரெண்டு வருஷத்துக்கு மேல நல்ல பேட்சா அனுப்பி நம்பிக்கை சம்பாதிச்சான், அப்புறம் தான் பேக்டோரை வெச்சான். அதனால நக்கல் எதை வேணா பண்ணுங்க, சம்பளம் வாங்காம கோடு பார்த்துக்கிற ஆளை மட்டும் பண்ணாதீங்க. இதுல இருந்து எடுக்க வேண்டிய கேள்வி: நம்ம ப்ராடக்ட் உயிரோட இருக்க முக்கியமான பத்து லைப்ரரியை எத்தனை பேர் பார்த்துக்கிறாங்க? ஒரே ஆள்னு தெரிஞ்சா கம்பெனி காசு கொடுக்கலாம், இல்ல உங்க டீம்ல ஒருத்தருக்கு அங்க வேலை செய்ய நேரம் ஒதுக்கலாம்.

சர்வீஸ் படுத்த நியூஸ்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, செக்யூரிட்டி கம்பெனி க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்புன ஒரு அப்டேட்டால சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் ப்ளூ ஸ்க்ரீன் ஆச்சு. உடனே "வெள்ளிக்கிழமை டெப்ளாய் பண்ணாதேன்னு சொன்னோமில்ல"ன்னு ஒரே ஜோக். ஆனா அங்க பிரச்சினை கிழமையே இல்ல. அவங்களே வெளியிட்ட ஆய்வைப் படிச்சா தெரியும், அனுப்புனது கோடு கூட இல்ல, ஒரு கன்டென்ட் ஃபைல், அது 21 இன்புட் எதிர்பார்த்துச்சு, மெஷின்ல ஓடுற அவங்க சாஃப்ட்வேர் (சென்சார்) கொடுத்தது 20, இல்லாத அந்த 21வதை எடுக்கப் போய் மெமரிக்கு வெளியே படிச்சு கெர்னலோட (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) விழுந்துடுச்சு. அந்த வகை ஃபைலை கொஞ்சம் கொஞ்சமா அனுப்புற வழக்கமும் இல்ல, எல்லாருக்கும் ஒரே நேரத்துல போச்சு. 2019 ஜூலை 2ல வெப்சைட் பாதுகாப்பு சர்வீஸ் க்ளவுட்ஃப்ளேர் விழுந்ததும் கிட்டத்தட்ட இதே தான், ஃபயர்வால் ரூல்ல இருந்த ஒரு ரெஜெக்ஸ் (எழுத்து தேடுற பேட்டர்ன்) உலகம் பூரா ஒரே அடியா போய் சிபியூவை மொத்தமா தின்னுடுச்சு, 27 நிமிஷம்.

அப்போ கேள்வி, கோடுக்கு வெச்சிருக்கிற கேனரி (மொதல்ல கொஞ்ச பேருக்கு மட்டும் அனுப்புறது), படிப்படி ரோல்அவுட் எல்லாம் நம்ம கான்ஃபிக் ஃபைலுக்கும், ஃபீச்சர் ஃப்ளேகுக்கும் (வசதியை ஆன், ஆஃப் பண்ற சுவிட்ச்), ரூல்ஸ் ஃபைலுக்கும் இருக்கா? நான் பார்த்த நிறைய டீம்ல இல்ல. கோடுக்கு ரெண்டு பேர் ரிவ்யூ இருக்கும், ஒரு யாமல் கான்ஃபிக் ஃபைல் நேரா ப்ரொடக்ஷன் போகும்.

மொத நாள் சொல்ற காரணத்தை நம்பி முடிவெடுக்காதீங்க. க்ரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்துக்கு முந்தின நாள் ராத்திரி மைக்ரோசாஃப்ட் க்ளவுட் அஸ்யூர்ல வேற ஒரு பிரச்சினை இருந்துச்சு, நிறைய பேரு ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சிட்டாங்க. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் பொறுத்திருந்து, வந்ததும் டீமா உட்கார்ந்து படிங்க. அப்படிப் படிக்கணும்னா கோடு சேமிக்கிற சர்வீஸ் கிட்லேப் 2017ல வெளியிட்டதை சொல்லுவேன். ஜனவரி 31 அன்னைக்கு தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் டைரக்டரியை அழிச்சிட்டாங்க, அப்புறம் பார்த்தா நம்பி வெச்சிருந்த பேக்கப் வழிகள் ஒண்ணுமே சரியா வேலை செய்யல, சுமார் ஆறு மணி நேர டேட்டா போச்சு. எல்லாத்தையும் ஒளிக்காம எழுதினாங்க, அதுக்கு பெரிய மனசு வேணும். "பேக்கப் இருக்கு, ரிஸ்டோர் தான் இல்ல"ங்கிற பழைய நக்கலை கேட்டா உடனே கடைசியா எப்போ ரிஸ்டோர் பண்ணிப் பார்த்தோம்னு கேளுங்க, தேதி யாருக்கும் ஞாபகம் இல்லன்னா இந்த வாரமே ஒரு காலி மெஷின்ல ரிஸ்டோர் பண்ணிப் பாருங்க.

ஏஐ நியூஸ்

"இத்தனை சதவீதம் வேகம் கூடிடுச்சு"ன்னு ஒரு நியூஸ், "அப்போ ஏன் பக் குறையல"ன்னு ஒரு ஜோக், தினம் நடக்குது. இங்க கேட்க வேண்டியது யார் அளந்தாங்க, எந்த வேலையில, எப்படி. 2025ல மெட்ர்ங்கிற அமைப்பு ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு, அனுபவம் உள்ள 16 ஓபன்சோர்ஸ் டெவலப்பர்ஸ், அவங்களுக்கு நல்லா பழகின ரெப்போவுல (புரோஜெக்ட் கோடு இருக்கிற இடம்), 246 வேலை. ஏஐ டூலை அனுமதிச்ச வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆச்சு, ஆனா முடிச்சதும் கேட்டப்போ 20 சதவீதம் வேகமா முடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு சொன்னாங்க. இதை வெச்சு ஏஐ வேஸ்ட்னு கோஷம் போடக்கூடாது, ஆள் கொஞ்சம், டூல் 2025 ஆரம்பத்துல இருந்தது, கோடுபேஸ் அவங்களுக்கு அத்துப்படி. ஆனா வேகமா இருக்கிற மாதிரி தோணுறதும் கடிகாரம் காட்டுறதும் வேற வேறயா இருக்கலாம்னு காட்டிடுச்சு. உங்க டீம்ல பார்க்கணும்னா எத்தனை வரி எழுதினோம்னு எண்ணாதீங்க, டிக்கெட் எடுத்ததுல இருந்து ப்ரொடக்ஷன் போற வரைக்கும் ரிவ்யூ, திரும்ப திருத்துற நேரம் எல்லாம் சேர்த்து அளந்து பாருங்க.

லைசென்ஸ் மாறுச்சுன்னு நியூஸ்

சர்வர் செட்டப் டூல் டெராஃபார்ம் 2023 ஆகஸ்ட்ல, டேட்டாபேஸ் ரெடிஸ் 2024 மார்ச்ல, ஓபன்சோர்ஸ் லைசென்ஸை விட்டு கட்டுப்பாடு உள்ள லைசென்ஸுக்கு மாறுச்சு. கோபம் நியாயம் தான், ஆனா அன்னைக்கே மாத்தணும்னு இல்ல. பழைய வெர்ஷனுக்கு பழைய லைசென்ஸ் அப்படியே இருக்கும். நீங்க அதை மத்தவங்களுக்கு சர்வீஸா விக்கிறீங்களான்னு பாருங்க, லைசென்ஸ் வரிகளை சட்டம் தெரிஞ்ச ஒருத்தர் கிட்ட காட்டுங்க, ஓபன்டோஃபு, வால்கீ மாதிரி ஃபோர்க் (பழைய கோடை எடுத்து மத்தவங்க தனியா நடத்துறது) எப்படி போகுதுன்னு கவனிங்க. ரெடிஸ் 2025 மே மாசம் ஏஜிபிஎல்ங்கிற ஓபன்சோர்ஸ் லைசென்ஸையும் சேர்த்துச்சு, கொஞ்சம் பொறுத்தவங்களுக்கு ஒரு வழி கூடுதலா கிடைச்சுது. புது ஃப்ரேம்வொர்க் நியூஸுக்கு இவ்வளவு யோசனை கூட வேண்டாம், இப்போ இருக்கிறதுல எது வலிக்குதுன்னு ஒரு வரியில எழுத முடியலன்னா அடுத்த வேலையைப் பாருங்க.

எடுத்த கேள்வியை டிக்கெட்டா போடுங்க

சாட்ல சிரிச்சிட்டு விட்டா அடுத்த நாள் மறந்துடும். கேள்வி, யார் பார்க்கிறாங்க, எப்போ முடியும், இந்த மூணும் போதும். செக் பண்ணிட்டு நமக்கு பாதிப்பு இல்லன்னு தெரிஞ்சாலும் டிக்கெட்டை சும்மா மூடாதீங்க, எந்த சர்வர்ல எந்த வெர்ஷன் பார்த்தீங்க, எந்தக் கமாண்ட் ஓட்டினீங்க, ஏன் பாதிப்பு இல்லன்னு எழுதிட்டு மூடுங்க, ஏன்னா அடுத்த மாசம் கிளையன்ட் கிட்ட இருந்து இதே கேள்வி மெயில்ல வரும், அப்போ திரும்ப முதல்ல இருந்து தேடாம அந்த டிக்கெட்டைப் பார்த்தே பதில் எழுதிடலாம்.