கவினா, கெவினா, மாடா? இரண்டு வீட்டு வாய்க்கும் பொருந்தப் பிள்ளைக்குப் பெயர் வைப்பது எப்படி

என் மகன் கவினுக்கு இப்போது நான்கு வயது. நான் கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்த சைவக்காரி. கணவர் மொரட்டுவைச் சிங்கள பௌத்தர். அக்கா கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் பிளாட்டுக்கு எதிரே இருக்கும் ராத்தா (முஸ்லிம் அக்கா) கட்டாரில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். பெயர் விஷயத்தில் இவர்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு கருத்து இருந்தது. கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பெயரைப் பதிவு செய்யும் நாளில்தான் நான் கோட்டை விட்டேன். அதனால் பதிவுப் பகுதியைக் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நட்சத்திரம் பார்ப்பது எப்படி, பஞ்சாங்கம் புரட்டுவது எப்படி என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

படி 1: நாளைக் கணக்குப் பாருங்கள்

பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பது இலங்கைச் சட்டம். நம் வீடுகளில் 31ஆம் நாள் துடக்குக் கழிவு. அதுவரை பெயரைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்று அம்மம்மா போல யாராவது சொன்னால், உங்களுக்கு மிஞ்சுவது 11 நாள்தான். முஸ்லிம் வீடுகளில் ஏழாம் நாளே அகீகா என்ற பலிச் சடங்கும் பெயரும் முடிந்துவிடும் என்று ராத்தா சொல்லக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. எப்படியோ, வயிற்றில் இருக்கும்போதே பட்டியலைத் தொடங்கிவிடுங்கள். ஆண் பெயர் பத்து, பெண் பெயர் பத்து போதும்.

படி 2: எழுத்து வேண்டுமா என்று முதலில் முடிவெடுங்கள்

27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், மொத்தம் 108 தொடக்க ஒலிகள். பிள்ளை பிறந்த பாதத்துக்குரிய ஒலியில் பெயர் தொடங்க வேண்டும் என்பார்கள். கவினுக்கு மிருகசீரிடம் மூன்றாம் பாதம், அதனால் ‘க’. பரவாயில்லை. திருவாதிரை மூன்றாம் பாதமாக இருந்திருந்தால் ‘ங’ வந்திருக்கும். அப்புறம் நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்திருப்போம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் நட்சத்திரம் மாறும் நேரத்தில் ஒத்துப்போகாது. பிள்ளை அந்த இடைவெளியில் பிறந்தால் ஒரே வீட்டுக்குள் இரண்டு நட்சத்திரம். இதற்கு மேல் மாமி (கணவரின் அம்மா) தன் பங்குக்குச் சிங்களச் சோதிடர் ஒருவரிடம் எழுத்துகள் வாங்கி வந்தார். இரண்டு சீட்டையும் மேசையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பொதுவாக இருந்தது ‘க’ ஒன்றுதான். அதையே பிடித்துக்கொண்டோம். உங்களுக்கு எதுவுமே ஒத்துவராவிட்டால், சாதகத்துக்கு ஒரு பெயர், பதிவுக்கு ஒரு பெயர் என்று பிரித்துவிடுங்கள். அது நம் ஊரில் புதிதல்ல.

எண்சாத்திரத்தை மட்டும் நான் வாசலோடு நிறுத்திவிட்டேன். எழுத்துக் கூட்டலுக்காக ஆங்கிலத்தில் ஒரு ‘ஏ’யை இரண்டாக்கினால், அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க போனில் “இரண்டு ஏ” என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

படி 3: பொருளை விட்டுவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள்

எல்லோரும் பொருளில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான். பெண் பிள்ளை என்றால் ‘தாரா’ என்று வைத்திருந்தேன். நட்சத்திரம் என்று பொருள், பௌத்தத்தில் தாரா தேவி உண்டு, வெளிநாட்டிலும் உச்சரிக்கலாம். எல்லாப் பெட்டிக்கும் சரி போட்டாயிற்று. அம்மம்மா ஒரு வரியில் முடித்தார்: “தாராவோ? முட்டையிடுமோ பிள்ளை?” யாழ்ப்பாணத்துப் பேச்சில் வாத்துக்குத் தாரா என்றுதான் பெயர். சிங்களத்திலும் வாத்து ‘தாராவா’ என்று மாமி வேறு சேர்த்துக்கொண்டார். எங்கள் இரண்டு வீடும் முதன்முதலாக ஒத்துப்போன இடம் அதுதான்.

அப்புறம் மாமிக்குப் பிடித்த ‘சந்தலி’. சிங்களத்தில் ‘சந்த’ என்றால் நிலவு. கேட்க வடிவான பெயர்தான். ஆனால் காது கொஞ்சம் மந்தமான என் அம்மம்மாவுக்கு அது ‘சண்டாளி’ என்று விழுந்தது. பேத்தியின் பிள்ளையை அப்படி எப்படிக் கூப்பிடுவது என்று அவர் அழாத குறை.

என் பக்கத்திலிருந்து போன ‘புகழ்’ இதைவிட மோசம். சிங்களத்தில் ‘புஹுல்’ என்றால் நீற்றுப்பூசணி. கெட்ட காலம் கழிய வெட்டுவார்களே, அதே காய். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். ‘குகன்’ என்று பெயர் வைக்க நினைப்பவர்கள் சிங்களம் தெரிந்த நண்பரிடம் ஒருக்கா தனியாகக் கேளுங்கள். காரணத்தை நான் எழுத மாட்டேன்.

என் முறை இதுதான். பெயரை எழுத்தில் மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நீங்கள் சொல்லிக் காட்டாதீர்கள். அவர்கள் வாசித்துக் குரல் பதிவாகத் திருப்பி அனுப்பட்டும். தமிழர், சிங்களவர், முஸ்லிம், வெளிநாட்டில் பிறந்த பிள்ளை என்று ஐந்தாறு பேர் போதும். ‘யாழினி’யை இப்படி அனுப்பினேன். சிங்களத்தில் ‘ழ’ கிடையாது, அதனால் மாமி வீட்டிலிருந்து ‘யாலினி’ வந்தது. ‘ழ’வுக்கு ஆங்கிலத்தில் நாம் போடும் இசட் ஏச்சைப் பார்த்துவிட்டு டொராண்டோவிலிருந்து ‘யாஸினி’ வந்தது. பட்டியலிலிருந்து அடித்தேன். மனசில்லாமல்தான்.

பெயர்ப் பட்டியல் தரும் இணையத்தளங்களை நான் நம்புவதில்லை. அவற்றில் பாதிப் பெயருக்குப் பொருள் ‘ஒளி’, மீதிப் பாதிக்கு ‘இளவரசி’. தமிழ்ச் சொல்லென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் தேடுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மற்ற மொழிக்கு அந்த மொழி பேசும் ஒரு கிழவியே நல்ல அகராதி.

படி 4: ஆணா பெண்ணா என்று மற்றவர் காது என்ன சொல்கிறது?

சிங்கள ஆண் பெயர்கள் பல ‘அ’வில் முடியும்: மகேல, சமீர. நம் காதுக்கும் வெள்ளைக்காரர் காதுக்கும் அது நீண்டு பெண் பெயராகிவிடும். சமீர என்றால் வடமொழியில் காற்று. ஆனால் கொஞ்சம் நீட்டிச் ‘சமீரா’ என்றால் அரபியில் பெண். ‘மீரா’ நமக்குப் பெண், ஆனால் மீரா சாகிபு என்றும் மீரா லெப்பை என்றும் முஸ்லிம் ஆண்களுக்குப் பெயர் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்திருந்தது ‘அமல்’. வடமொழியில் மாசற்றது. அக்கா வீட்டில் அமலோற்பவ மாதாவை நினைத்து உடனே சரி என்றார்கள். சிங்கள ஆண்களுக்கும் வழமையான பெயர். அரபியிலும் இருக்கிறதே என்று சந்தோஷமாக ராத்தாவிடம் போனேன். “அரபு நாட்டில அமல் பொம்பளப் பேர் தங்கச்சி, நம்பிக்கைன்னு அர்த்தம். நாங்க இங்க அமல் செய்றதுன்னா வணக்கம், நல்ல காரியம். அது வேற எழுத்துல தொடங்குற வேற சொல்லு” என்றார். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ‘அ’. அப்படியும் அதை வைத்திருக்கலாம். ‘க’ வேண்டும் என்று படி 2இல் மாட்டிக்கொண்டதால் விட்டோம்.

ஒரு பக்கக் கதை. கிரிக்கெட் வீரர் தில்ஷான் பிறந்தபோது துவான் முகம்மது தில்ஷான். பிறகு மதம் மாறித் திலகரத்ன தில்ஷான் ஆனார். முன்னால் இருந்ததெல்லாம் மாறியும் தில்ஷான் அப்படியே இருந்தது. சிங்களவர், மலாயர், முஸ்லிம், தமிழர் எல்லோரும் வைக்கும் பெயர் அது. எங்கள் பட்டியலுக்கு அந்த மாதிரியை மனதில் வைத்துத்தான் தேடினேன்.

விவிலியமும் குர்ஆனும் சந்திக்கும் பெயர்கள் இன்னொரு நல்ல வழி. மரியாளும் மர்யமும் ஒருவரே, யோசேப்பும் யூசுபும் ஒருவரே. கத்தோலிக்க–முஸ்லிம் வீடுகளுக்கு இதைவிட இலகுவான வழி எனக்குத் தெரியவில்லை.

படி 5: மூன்று எழுத்திலும் நீங்களே எழுதுங்கள்

நான் விழுந்த இடம் இதுதான்.

தமிழில் ‘கவின்’ என்று எழுதினால் முதலெழுத்து ‘கப்பல்’ என்பதில் வரும் க-வா, ‘தங்கம்’ என்பதில் வரும் க-வா என்று எழுத்திலிருந்து தெரியாது. நமக்கு அது தேவையும் இல்லை, சொல்லை அறிந்து வாசிக்கிறோம். சிங்களத்தில் அந்த இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. ஆங்கிலத்தில் கே ஒன்று, ஜீ ஒன்று. ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

நான் படிவத்தில் தமிழில் அழகாகக் ‘கவின்’ என்று எழுதினேன். ஆங்கில இடத்தை வெறுமையாக விட்டேன். ஏனென்றால் எண்சாத்திரக்கார மாமா ஒருவர் இன்னும் கூட்டிக்கொண்டிருந்தார் (வாசலோடு நிறுத்தினேன் என்றேன், யன்னலால் வந்துவிட்டார்). பதிவு அலுவலகத்தில் இருந்தவர் என் தமிழைப் பார்த்து, தங்கத்தின் க-வைப் போட்டுச் சிங்களத்திலும், ஜீ போட்டு ஆங்கிலத்திலும் எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, தமிழ் எழுத்து அதற்கும் இடம் கொடுக்கிறது. பிள்ளை பிறந்த களைப்பில் நான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அத்தாட்சிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்த கணவர் படியிலேயே நின்றுவிட்டார். தங்கத்தின் க-வை வைத்துக் ‘கவ’ என்றால் சிங்கள எழுத்து வழக்கில் மாடு. “நாங்கள் மகனுக்கு மாடு என்று பெயர் வைத்திருக்கிறோம்” என்றார். சிரிக்கவில்லை. திருத்தினோம்தான். அதற்காக எத்தனை தடவை அலைந்தோம், எத்தனை பேர் “இது சின்னப் பிழைதானே” என்றார்கள் என்று எழுதினால் இந்தப் பதிவு முடியாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயரை அச்சு எழுத்துப் போலப் பெரிதாக எழுதுங்கள். சிங்களப் பகுதியைச் சிங்களம் படித்த ஒருவர் எழுதட்டும், நீங்கள் வரையாதீர்கள். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாளைப் படிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள். கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசியுங்கள், வரிசை நீண்டால் நீளட்டும். 2017 முதல் வரும் புதிய அடையாள அட்டையில் மூன்று மொழியும் இருக்கிறது. இன்று விடும் பிழை அங்கேயும் வந்து நிற்கும்.

முத்தையா முரளிதரனுக்கே இந்தச் சிக்கல் இருந்தது. ‘தரன்’ என்ற துண்டை ஆங்கிலத்தில் உலகம் ஒரு மாதிரி எழுதிப் பழகியிருக்க, 2007இல் ஷேன் வார்னோடு சேர்த்து இலங்கை–ஆஸ்திரேலியா டெஸ்ட் கிண்ணத்துக்குப் பெயர் வைத்தபோது வேறு மாதிரி வந்தது. எந்த ஆங்கில எழுத்துக்குப் பதில் எது என்று தமிழில் எழுதிக் காட்டலாம் என்று பார்த்தேன். ஒன்று டீ, மற்றதும் டீ.

படி 6: முன்னால் என்ன, பின்னால் என்ன

முரளிதரனில் முத்தையா அவருடைய அப்பாவின் பெயர், குடும்பப் பெயர் அல்ல. தமிழருக்கு அப்பாவின் பெயர் முன்னால் வரும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். சிங்களவருக்கு முன்னால் வம்ச வழியைச் சொல்லும், ‘கே’ என்று முடியும் நீண்ட பெயர், நடுவில் சொந்தப் பெயர், கடைசியில் குடும்பப் பெயர். கடவுச்சீட்டுப் படிவம் குடும்பப் பெயர் வேறு, மற்றப் பெயர் வேறு என்று கேட்கும். எது எந்தக் கட்டத்தில் போகும் என்று பிறப்புப் பதிவுக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து முடிவெடுங்கள். எங்கள் வீட்டில் கணவரின் குடும்பப் பெயர் போனது. என் அப்பா இரண்டு நாள் கதைக்கவில்லை, மூன்றாம் நாள் பேரனைப் பார்க்க வந்துவிட்டார்.

பிற்சேர்க்கை 1: ஒரு வாசகி கேட்டிருந்தார்: கணவர் முஸ்லிம், ‘அப்துர் ரஹ்மான்’ என்று வைத்தால் படிவத்தில் ‘ரஹ்மான்’ மட்டும் தனியாக நிற்காதா? நிற்கும், அது அவர்கள் வீட்டாருக்குப் பிடிக்காது. ‘அப்த்’ என்றால் அடிமை, ரஹ்மான் இறைவனின் பெயர். இரண்டையும் பிரித்துக் கூப்பிடக்கூடாது என்பார்கள். படிவத்தில் பிரியாத ஒரு பெயரைத் தெரிவதே நல்லது என்று ராத்தா சொல்லச் சொன்னார்.

பிற்சேர்க்கை 2: ‘கவின்’ அரபியில் எப்படி என்று இரண்டு பேர் கேட்டார்கள். அரபியில் ‘வ’ போல உதடு கடித்துச் சொல்லும் ஒலிக்கு எழுத்தில்லை, அதற்கு ‘ஃப’ போடுவார்கள். ராத்தா சொல்லிக் காட்டினார்: காஃபின். கோப்பியில் இருக்கிறதே, அது. இதைப் படி 3இலேயே கேட்டிருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை 3: பாலர் பள்ளி ஆசிரியை அவனைக் ‘கெவின்’ என்கிறார். திருத்தினேன், அடுத்த நாளும் கெவின். அக்கா வீட்டாருக்கு அது நல்ல சந்தோஷம். இரண்டாவது பிள்ளை மாசியில். பட்டியலில் மூன்று பெயர் மிஞ்சியிருக்கிறது, மாமியின் குரல் பதிவுக்காகக் காத்திருக்கிறேன்.