‘டு’வுக்குப் பின் என்ன வரும்?
‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ’ என்றுதான் பல ஆண்டுகள் அலுவலகக் கடிதங்களை முடித்துவந்தேன். ஒருநாள் மேலாளர் ‘மீட்’டைச் சிவப்பு மையால் வட்டமிட்டு ‘மீட்டிங்’ என்று எழுதித் தந்தார். ‘வான்ட் டு மீட்’ சரியென்றால் இது மட்டும் ஏன் தவறு?

அன்றிரவு இலக்கண நூலைப் புரட்டியபோதுதான் பிடிபட்டது. இங்கே ‘டு’ முன்னிடைச்சொல், நம் நான்காம் வேற்றுமை ‘கு’வைப் போல. ‘சந்திப்புக்கு’ என்போம், ‘சந்திக்கக்கு’ என்போமா? அதனால் பின்னால் பெயர்ச்சொல்லோ ‘இங்’ வடிவமோதான் வரும்.

ஐயம் வந்தால் இப்போது ‘இட்’ சேர்த்துப் பார்க்கிறேன். ‘லுக்கிங் ஃபார்வர்டு டு இட்’ பொருந்துகிறது. ‘வான்ட் டு இட்’ பொருந்தவில்லை. ‘ஐ ஆம் யூஸ்டு டு டிரைவிங்’ (வண்டி ஓட்டிப் பழகிவிட்டது) என்பதும் இதே கணக்குதான். ‘ஐ யூஸ்டு டு டிரைவ்’ வேறு: முன்பு ஓட்டினேன், இப்போது இல்லை.