அரிவாள்மணையைக் கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் படமெடுப்பது எப்படி?

ஃபிலிம் கேமராவை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்கு, அசையாமல் ஓரிடத்தில் இருக்கும் வீட்டுப் பொருளே நல்ல தொடக்கம் என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் பாடத்துக்கு அரிவாள்மணையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். கத்தித் தழும்புகள் நிறைந்த மணைக்கட்டை, கறுத்த இரும்பு, தீட்டித் தீட்டி வெளுத்த விளிம்பு ஆகிய மூன்றும் சேரும்போது, ஆழ்ந்த கறுப்பிலிருந்து தூய வெள்ளை வரை எல்லாச் சாயல்களும் ஒரே பொருளில் கிடைத்துவிடுகின்றன.

தேவையானவை: 50 மி.மீ. லென்ஸ் பொருத்திய 35 மி.மீ. எஸ்எல்ஆர் கேமரா (லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் வகை), முக்காலி, ஐஎஸ்ஓ 400 (ஃபிலிமின் ஒளி உணர்திறன் அளவு) ஃபிலிம் ஒரு சுருள், ஒரு கறுப்புப் போர்வை, ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை. இங்கே நான் தரும் கணக்குகள் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு உரியவை.

படி 1: பொருளை ஒளியில் வைத்துப் பாருங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் விட இதற்கே அதிக நேரம் செலவிட வேண்டும். துருவின் செம்பழுப்பும் மரத்தின் பழுப்பும் கண்ணுக்கு வேறுவேறாகத் தெரிந்தாலும், நிறம் போன பிறகு ஃபிலிமில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். அவற்றைப் பிரித்துக் காட்டும் வேலையை இனி ஒளிதான் செய்தாக வேண்டும்.

வெயில் நேரே விழாத சன்னலிலிருந்து மூன்றடி தள்ளி, ஒரு மேசைமேல் போர்வையை விரித்து அரிவாள்மணையை வையுங்கள். வடக்குச் சன்னல் எப்போதும் நிழலாக இருக்கும் என்று படித்திருப்பீர்கள். ஆனால் சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே இருப்பதால், அந்த மாதங்களில் வடக்குச் சன்னலிலும் வெயில் எட்டிப்பார்க்கும். அப்போது சன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால் ஒளி மென்மையாகிவிடும்.

ஒளி பக்கவாட்டிலிருந்து மரத்தை உரசிக்கொண்டு போகும்படி மணையைத் திருப்புங்கள். ஒவ்வொரு கத்தித் தழும்பும் தனக்கென ஒரு சிறு நிழலைப் பெற்று எழுந்து நிற்பதைக் காண்பீர்கள். பிறகு கேமராவின் பார்வைத்துளை வழியே பார்த்தபடி, உள்வளைவில் இருக்கும் வெட்டும் விளிம்பு சன்னலைப் பிரதிபலிக்கும் கோணத்தைத் தேடுங்கள். இரண்டு விரற்கடை திருப்பினாலே கறுத்துக் கிடந்த இரும்பில் வெள்ளிக் கோடு ஒன்று அடியிலிருந்து நுனி வரை ஓடும். அந்தக் கோடு கிடைக்கும் வரை விடாதீர்கள். விளிம்பு கூர்மையானது என்பதால், மணைக்கட்டையைப் பிடித்து மட்டுமே திருப்ப வேண்டும். நிழற்பக்கம் முற்றிலும் இருண்டிருந்தால், எதிர்ப்புறம் தெர்மோகோல் அட்டையை நிறுத்திச் சிறிதளவு ஒளியைத் திருப்பிவிடுங்கள்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் எடுத்த குடைமிளகாய்ப் படம் உலகெங்கும் அறியப்பட்டது. மிளகாயை ஒரு தகரப் புனலுக்குள் வைத்ததால், புனலின் சுவரில் பட்டுத் திரும்பிய ஒளி அதன் எல்லா வளைவுகளையும் தழுவியது. நம் தெர்மோகோல் அட்டை செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

படத்துக்காக அரிவாள்மணையைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் துருவும் தழும்புகளும் பல ஆண்டு சமையலின் தடங்கள். படமாக வேண்டியவை அவையே.

படி 2: குவியமும் துவாரமும்

கேமராவை முக்காலியில் ஏற்றி, பொருளிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் நிறுத்துங்கள். லென்ஸுக்குள் ஒளி நுழையும் வாயே துவாரம்; எஃப் எண் கூடக் கூட அது சிறுக்கும். அந்தத் தொலைவில் எஃப் 2 துவாரம் வைத்தால் ஏறத்தாழ 4 செ.மீ. ஆழம் மட்டுமே தெளிவாக விழும்; எஃப் 16 வைத்தால் ஓர் அடிக்கு மேல் கிடைக்கும். ஆகவே எஃப் 16 வைத்து, இரும்பு மரத்தில் இறங்கும் இடத்தில் குவியப்படுத்துங்கள்.

படி 3: ஒளியை அளத்தல்

எதைக் காட்டினாலும் அது நடுச் சாம்பல், அதாவது ஏறத்தாழ 18 சதவீத ஒளியைத் திருப்பும் பொருள் என்றே கேமராவின் ஒளிமானி கொள்கிறது. சட்டத்தின் (ஃப்ரேமின்) பெரும்பகுதியைக் கறுப்புப் போர்வை அடைத்திருக்கும்போது, ஒளி போதவில்லை என்று கருதி, ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும் என்று அது கேட்கும். என் முதல் சுருளில் அந்த அளவை அப்படியே நம்பினேன். வெட்டும் விளிம்பு விவரமே இல்லாத வெள்ளைப் பட்டையாகப் பதிந்தது.

எனவே அரிவாள்மணை இருக்கும் இடத்தில், அதே ஒளி விழும்படி உங்கள் உள்ளங்கையை நீட்டி, கேமராவை அருகே கொண்டுபோய் உள்ளங்கை மட்டும் சட்டத்தை நிறைக்கும்படி அளந்துகொள்ளுங்கள். உள்ளங்கை நடுச் சாம்பலை விட ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு ஒளி அளவுக்கு, வெளிர்ந்தது என்பதால், கிடைத்த நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். நல்ல சன்னலொளியில் எஃப் 16-க்கு கால் விநாடி அளவில் வரக்கூடும். அதே சட்டத்தை அரை விநாடியிலும் ஒரு விநாடியிலும் மீண்டும் எடுங்கள்; கறுப்பு-வெள்ளை நெகட்டிவ் ஒளி சற்று மிகுந்தாலும் தாங்கும், குறைந்தால் நிழலின் விவரத்தை மீட்க முடியாது. மாலையில் ஒளி மங்கி நேரம் நீளும்போது ஃபிலிமின் உணர்திறனும் தளரும் என்பதால், இரட்டிப்பாக்கிய பிறகு வரும் நேரம் 4 விநாடியானால் 6 விநாடி கொடுங்கள்.

விரலால் அழுத்தும்போது கேமரா அதிராமலிருக்க, கேபிள் ரிலீசையோ (கேமராவைத் தொடாமல் ஷட்டரை இயக்கும் கம்பி) செல்ஃப் டைமரையோ பயன்படுத்துங்கள். ஒவ்வொரு சட்டத்தின் எண்ணையும் நேரத்தையும் நோட்டில் குறித்துவையுங்கள்.

படி 4: ஃபிலிம் கழுவுதல்

முழு இருட்டில், அல்லது அதற்கான கறுப்புப் பைக்குள், ஃபிலிமைச் சுருளியில் (ஃபிலிமைச் சுற்றும் ரீல்) ஏற்றி, ஒளி புகாத தொட்டிக்குள் மூடுங்கள். இதை முதலில் ஒரு வீணான ஃபிலிமை வைத்து வெளிச்சத்திலும், பிறகு கண்ணை மூடிக்கொண்டும் பழகிக்கொள்வது நல்லது. ஃபிலிமில் படத்தை வெளிக்கொணரும் கரைசலான டி-76 டெவலப்பரைச் சம அளவு தண்ணீருடன் கலந்தால், 20 டிகிரி செல்சியஸில் 11 நிமிடம் ஆகும். முதல் பத்து விநாடிகளில் நான்கு முறை தொட்டியைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்; பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதையே செய்யுங்கள்.

நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் 30 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் நேரம் மிகவும் சுருங்கிவிடும்; ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகக் கழுவினால் ஃபிலிம் திட்டுத்திட்டாக வரும். ஆகவே டெவலப்பர் பாட்டிலை ஐஸ்கட்டி போட்ட பக்கெட் தண்ணீரில் வைத்து, வெப்பமானி 20 காட்டும் வரை பொறுத்திருங்கள். மற்றத் தண்ணீரையும் அந்த வெப்பத்துக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

டெவலப்பரைக் கொட்டியதும் ஒரு நிமிடம் தண்ணீரில் அலசி, படத்தை நிலைநிறுத்தும் கரைசலான ரேபிட் ஃபிக்சரை நான்கு பங்கு தண்ணீருடன் கலந்து ஐந்து நிமிடம் ஊற்றி வையுங்கள். இறுதியாக மூன்று முறை புதுத் தண்ணீர் நிரப்பி, முறையே 5, 10, 20 முறை கவிழ்த்துக் கொட்டிவிட்டு, தூசியில்லாத குளியலறையில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள்.

படி 5: நெகட்டிவைப் படித்தல்

உலர்ந்த நெகட்டிவில் எல்லாம் தலைகீழாக இருக்கும். வெள்ளிக் கோடாக மின்னிய விளிம்பு அடர்ந்த கறுப்பாகவும், போர்வை ஏறக்குறைய கண்ணாடி போலவும் தெரியும். நெகட்டிவைச் செய்தித்தாள் மீது வைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மிக அடர்ந்த அந்த விளிம்பின் வழியாகவும் அச்செழுத்து மங்கலாகத் தெரிய வேண்டும். மணைக்கு அடியில் விழுந்த நிழலில் போர்வையின் நெசவு இலேசாகவாவது பதிந்திருக்க வேண்டும். மூன்று சட்டங்களில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நோட்டில் அதன் எண்ணைச் சுழித்துவிட்டு, அதையே பிரிண்ட் போடுங்கள்.