நியூயோர்க் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு கொழும்பிலேயே எடுத்து வைக்க வேண்டியவை

வெள்ளவத்தையில் நீண்ட காலம் கணிதம் படிப்பித்தவள் நான். தரம் 9, 10இல் படிக்கும் பிள்ளையோடு நியூயோர்க் போகிற குடும்பங்கள் விசா வந்ததும் கேட்பது, "டீச்சர், ஓ.எல். எழுதாமல் போனால் அங்கே எடுப்பார்களா?" என்றுதான். எடுப்பார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காத பிள்ளைக்கு 21 வயது வரை அங்கே அரசுப் பள்ளியில் இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு மட்டும் விதி வேறு: அரசு உயர்நிலைப் பள்ளியில் அதிகபட்சம் 12 மாதம்தான், முழுச் செலவையும் கட்ட வேண்டும்.

பயப்பட வேண்டியது ஓ.எல்.லுக்கு அல்ல, தேர்ச்சி அறிக்கை இல்லாமல் போவதற்கு. அங்கே உயர்நிலைப் பள்ளி தரம் 9 முதல் 12 வரை. ஒவ்வொரு பாடத்தையும் சித்தியடைந்து முடிப்பதற்குக் கொடுக்கும் அலகுதான் கிரெடிட்; அப்படிப் பாடம் பாடமாக 44 கிரெடிட் சேர்க்க வேண்டும்: ஆங்கிலம் 8, சமூகக் கல்வி 8, கணிதம் 6, விஞ்ஞானம் 6, உடற்கல்விக்குக்கூட 4. ரீஜன்ட்ஸ் என்ற மாநிலப் பரீட்சைகள் தனி. நம் பிள்ளை இங்கே தரம் 9, 10இல் படித்ததைப் பார்த்து அந்தப் பள்ளி கிரெடிட் கொடுக்கலாம். கையில் கடதாசி இல்லையென்றால் 16 வயதுப் பிள்ளையைத் தரம் 9இல் உட்கார வைத்துவிடக்கூடும். படித்த பிள்ளைக்கு அது பெரிய அநியாயம்.

ஆகவே அதிபரிடம் விலகல் சான்றிதழோடு நிற்காதீர்கள். ஒவ்வொரு தவணைப் புள்ளியும், பாடத்தின் பெயரும், வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்பதும் ஆங்கிலத்தில், முத்திரையுடன் வேண்டும் என்று கேளுங்கள். தமிழில்தான் தருவார்கள் என்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். இன்னொன்று, நம் புள்ளி முறையையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். இங்கே 35 எடுத்தால் சித்தி, 50 எடுத்தால் சி. நியூயோர்க் நகரப் பள்ளிகளில் 65க்குக் கீழே போனால் சித்தியில்லை. விளக்கம் இல்லாமல் 58 என்ற புள்ளியைப் பார்க்கிறவர் பிள்ளை தவறிவிட்டது என்றே நினைப்பார்.

அடுத்தது ஊசி. கிளினிக் கார்டில் எல்லாம் போட்டிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா) முதல் ஊசியை இங்கே 9 மாதத்தில் போடுகிறார்கள். அங்கே முதல் பிறந்தநாளுக்குப் பின் போட்டதுதான் கணக்கு. தரம் 7இல் போடும் ஏற்பு ஊசியில் கக்குவானுக்கான மருந்து இல்லை, அவர்கள் அதையும் கேட்பார்கள். கொப்புளிப்பான், மெனிஞ்ஜைட்டிஸ் (மூளைக்காய்ச்சல்) ஊசிகள் நம் அரசாங்க அட்டவணையிலேயே கிடையாது. குடும்ப வைத்தியரிடம் கார்டைக் காட்டி, இங்கே தனியாரில் போடக்கூடியதைப் போட்டுத் திகதியோடு எழுதி வாங்குங்கள். மிச்சத்தை அங்கே போடலாம், ஆனால் தாமதித்தால் பள்ளிக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

அங்கே இறங்கியதும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நகர அலுவலகமான ஃபேமிலி வெல்கம் சென்டருக்குப் போங்கள். பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், அப்புறம் முகவரிக்கு இரண்டு ஆதாரம் தேவை. நம்மவர் அதிகம் இருக்கும் ஸ்டேட்டன் ஐலண்டில் உறவினர் வீட்டில் தங்குவதானால், அவர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் எடுங்கள்.

வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு படிவம் தருவார்கள். பிள்ளையைக் குறைத்து மதிப்பிடுவார்கள் என்று பயந்து சிலர் ஆங்கிலம் என்று எழுதுகிறார்கள். வேண்டாம், தமிழ் என்றே எழுதுங்கள். ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள். தேவையென்றால் உதவி வகுப்பு இலவசமாகக் கிடைக்கும். உங்களுக்கே ஆங்கிலம் சிரமமென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், தொலைபேசியில் ஒழுங்கு செய்து தருவார்கள்.