லிப்ரெஆபிஸ்ல நாமளும் வேலை செய்யலாம்: கோடிங் தெரியாதவங்களுக்கும் சேர்த்து ஒரு செய்முறை

லிப்ரெஆபிஸை இறக்கி லெட்டர் அடிக்கறவங்க, கணக்கு போடறவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கோம், ஆனா அதை யார் செய்யறாங்கன்னு கேட்டா முக்காவாசி பேருக்கு தெரியாது, எனக்கும் ரொம்ப நாள் தெரியாது, ஏதோ ஒரு பெரிய கம்பெனி போனா போகுதுன்னு சும்மா குடுக்குதுன்னு தான் நினைச்சுட்டு இருந்தேன். அப்புறம் ஒருநாள் ஒரு தமிழ் ஃபைல்ல எழுத்தெல்லாம் கன்னாபின்னான்னு வந்துச்சு, இதை யார்கிட்ட போய் சொல்றதுன்னு தேடப் போய் தான் இதுல மாட்டிக்கிட்டேன். நான் போன வழிய அப்படியே படிப்படியா சொல்றேன். கோடிங் கடைசில தான் வரும், பயப்படாதீங்க.

படி 0: இது யாரோட சொத்து?

இதை ஸ்கிப் பண்ணிடாதீங்க, பின்னாடி லைசென்ஸ் மெயில் போடும்போது இது தெரிஞ்சாதான் ஏன்னு புரியும்.

ஜெர்மனில 1985ல மார்கோ போரிஸ்னு ஸ்கூல் வயசுப் பையன் ஒருத்தர் ஸ்டார் டிவிஷன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாரு, ஸ்டார்ஆபிஸ் அங்கேர்ந்து வந்தது. 1999ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கி, 2000 அக்டோபர்ல சோர்ஸ் கோடை (ப்ரோக்ராமை எழுதின மூல வரிகளை) எல்லாருக்கும் திறந்து விட்டாங்க, அதுதான் ஓப்பன்ஆபிஸ். ஆனா வெளியாள் யாராவது கோட் குடுத்தா காப்பிரைட்ல சன்னுக்கும் பங்கு எழுதிக் குடுக்கணும், இது பல பேருக்கு உறுத்தலாவே இருந்துச்சு. 2010ல சன்னையே ஆரக்கிள் வாங்கிடுச்சு, இனிமே இது என்னாகுமோன்னு பயந்து, ஒரு பெரிய கூட்டம் 2010 செப்டம்பர் 28ம் தேதி தனிக்குடித்தனம் போயிட்டாங்க. அவங்க வச்ச பேரு தான் லிப்ரெஆபிஸ், அவங்க அமைப்புக்கு பேரு டாக்குமென்ட் ஃபவுண்டேஷன். ஜெர்மன் சட்டப்படி ஃபவுண்டேஷனா பதிவு பண்ண 50,000 யூரோ வேணும்னு 2011 பிப்ரவரில ஜனங்ககிட்ட கேட்டாங்க, எட்டே நாள்ல சேந்துடுச்சு. 2012ல பெர்லின்ல முறைப்படி பதிவாச்சு. எந்த கம்பெனியும் நாளைக்கு இதை தூக்கிட்டுப் போக முடியாது.

ஒரு விஷயத்த நேர்மையா சொல்லிடறேன், "எல்லாமே வாலன்டியர்ஸ்"னு யாராவது சொன்னா அது பாதி தான் உண்மை. கோட் எழுதறதுல பெரும்பங்கு கொலாபொரா மாதிரி கம்பெனில சம்பளம் வாங்கறவங்களோடது, ஃபவுண்டேஷன்லயும் நன்கொடைல சம்பளம் குடுத்து ஒரு சின்ன டீம் வச்சிருக்காங்க. ஆனா மொழிபெயர்ப்பு, டெஸ்டிங், பக் (அதாவது ப்ரோக்ராம்ல வர்ற கோளாறு) சரிபாக்கறது, கையேடு எழுதறது இதெல்லாம் பெரும்பாலும் நம்மள மாதிரி ஆளுங்க சாயங்காலம் வீட்ல உக்காந்து செய்யறது, அது நின்னா அந்த கம்பெனிக்காரங்களுக்கும் வேலை ஓடாது.

படி 1: அக்கவுன்ட்

மூணு இடம் தான். பக் ரிப்போர்ட்டுக்கு அவங்களோட பக்ஸில்லா, மொழிபெயர்ப்புக்கு வெப்லேட், கோட் அனுப்ப கெரிட். இன்னிக்கு பக்ஸில்லா மட்டும் போதும், மீதிய அப்புறம் பாத்துக்கலாம். ஒன்னு ஞாபகம் வைங்க, பக்ஸில்லால நீங்க போடற கமென்ட் எல்லாம் ஊருக்கே தெரியும், அதனால ஆபிஸ் ஃபைலை அப்படியே அட்டாச் பண்ணி வைக்காதீங்க, பேர், போன் நம்பர் எல்லாம் எடுத்துட்டு ஒரு டம்மி ஃபைல் செஞ்சு போடுங்க.

படி 2: அடுத்தவங்க பக்கை உறுதி பண்றது

என்னைக் கேட்டா ஆரம்பிக்க இதை விட நல்ல இடம் கிடையாது. எல்லாரும் வந்த உடனே "நான் ஒரு பெரிய ஃபீச்சர் எழுதப்போறேன்"னு நிப்பாங்க, ரெண்டாவது வாரம் ஆளைக் காணோம். இது அப்படி இல்ல, அரை மணி நேரம் இருந்தா ஒன்னு முடிக்கலாம்.

யாராவது புதுசா பக் போட்டா அது "அன்கன்ஃபர்ம்ட்"னு நிக்கும். போட்டவரே அதை உறுதி பண்ணக்கூடாது, இன்னொரு ஆளு தன் மெஷின்ல செஞ்சு பாத்து "ஆமா எனக்கும் வருது"ன்னு சொல்லணும், அந்த இன்னொரு ஆளு தான் நீங்க. செய்ய வேண்டியது இவ்வளவு தான்:

1. பக்ஸில்லால ஸ்டேட்டஸ் அன்கன்ஃபர்ம்ட்னு போட்டு தேடுங்க, உங்களுக்குப் பழக்கமான பகுதிய மட்டும் எடுங்க, கால்க்ல (கணக்கு போடற ஷீட் பகுதி) தினம் வேலை செய்யறவங்க கால்க் எடுங்க.
2. லேட்டஸ்ட் வெர்ஷன் போட்டு, பக் போட்டவர் எழுதின ஸ்டெப் ஒவ்வொன்னா அப்படியே செய்யுங்க. புத்திசாலித்தனமா குறுக்கு வழில போகாதீங்க, சில பக் மவுஸ்ல க்ளிக் பண்ணா வரும், ஷார்ட்கட் கீல வராது.
3. வந்துச்சுன்னா, ஹெல்ப் மெனுல அபவுட் போய் வெர்ஷன் விவரத்தை காப்பி பண்ணி கமென்ட்ல ஒட்டி, "எனக்கும் வருது"ன்னு எழுதி ஸ்டேட்டஸை "நியூ"ன்னு மாத்துங்க.
4. வரலன்னா சும்மா "வரல"ன்னு விட்டுட்டுப் போகாதீங்க, உங்க ஆபரேட்டிங் சிஸ்டம் என்ன, என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க, அவரை ஹெல்ப் மெனுல இருக்கற ஸேஃப் மோட்ல திறந்து பாக்கச் சொல்லுங்க. பழைய செட்டிங்ஸ் கெட்டுப்போய் கிடந்து அதனாலயே வர்ற பிரச்சனை ஏராளம்.
5. ஸ்டெப்பே புரியலையா, கேள்வி கேட்டுட்டு ஸ்டேட்டஸை "நீட்இன்ஃபோ"ன்னு (இன்னும் விவரம் வேணும்னு அர்த்தம்) வைங்க.

கமென்ட் இங்கிலீஷ்ல தான் எழுதணும், ஆனா உடைஞ்ச இங்கிலீஷ் போதும், அங்க பாதி பேருக்கு அது தாய்மொழி இல்ல, யாரும் கிராமர் பாக்கறது இல்ல.

இப்போ தமிழ்க்காரங்களுக்கு மட்டும் ஒன்னு. "கொ"ன்னு அடிச்சா ஒற்றைக் கொம்பு க-வுக்கு இடது பக்கமும் கால் வலது பக்கமும் வரணும், இது நமக்கு ரெண்டாங்கிளாஸ் பாடம், ஆனா ஜெர்மனிலயோ பிரான்ஸ்லயோ இருக்கற டெவலப்பருக்கு அந்த கொம்பு எடம் மாறி நின்னா கூட தப்புன்னே தெரியாது. லிப்ரெஆபிஸ் 5.3 வெர்ஷன்லேர்ந்து எல்லா ஆபரேட்டிங் சிஸ்டத்துலயும் ஹார்ஃப்பஸ்ங்கற ஒரே லைப்ரரி தான் எழுத்தைக் கோர்க்குது, அதனால நிலைமை எவ்வளவோ பரவாயில்ல, ஆனா கர்சர் எழுத்து நடுவுல நிக்கறது, பிடிஎஃப்லேர்ந்து காப்பி பண்ணா வேற ஏதோ வர்றது, இந்த மாதிரி சமாச்சாரத்தை தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஆளு தான் சொல்லணும். பக்ஸில்லால "தமிழ்"னு இங்கிலீஷ்ல அடிச்சு தேடிப் பாருங்க.

ஆனா ரிப்போர்ட் போடறதுக்கு முன்னாடி ஒன்னு செக் பண்ணிடுங்க, லிப்ரெஆபிஸ்ல தமிழுக்கு ஃபான்ட் தனி, இங்கிலீஷுக்கு தனி. ஆப்ஷன்ஸ்ல லாங்குவேஜ் பகுதில "காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்"டுன்னு இருக்கும், அதுல தமிழ் செலக்ட் பண்ணாம ஃபான்ட் மாற மாட்டேங்குது சைஸ் மாற மாட்டேங்குதுன்னு திட்டிட்டு இருப்போம். நான் போட்ட முதல் பக் இந்த ரகம் தான், ஒரு மணி நேரத்துல "இது பக் இல்ல"ன்னு மரியாதையா மூடிட்டாங்க.

படி 3: எந்த வெர்ஷன்ல கெட்டுப்போச்சுன்னு கண்டுபிடிக்கறது

இது கொஞ்சம் அடுத்த லெவல், ஆனா இதுக்கும் கோடிங் வேணாம். "போன வருஷம் சரியா இருந்துச்சு இப்போ இல்ல"ங்கற பக்குக்கு ரெக்ரஷன்னு பேரு. பழைய வெர்ஷன் ஒவ்வொன்னா போட்டுப் பாத்தாலே பாதி வேலை முடிஞ்சுது, ஓப்பன்ஆபிஸ் காலத்துலயே இருந்துச்சுன்னா அதுக்குன்னே பக்ஸில்லாவோட வெர்ஷன் லிஸ்ட்ல தனியா ஒரு சாய்ஸ் வச்சிருக்காங்க.

இன்னும் துல்லியமா வேணும்னா பைபிசெக்ட். ரெடியா கம்பைல் பண்ணின, அப்படியே ஓட்டிப் பாக்கற மாதிரி ஆயிரக்கணக்கான பில்டை ஒரே கிட் ரெப்போல (மாத்தங்களை வரிசையா சேத்து வைக்கற கிடங்கு) அடுக்கி வச்சிருக்காங்க, நீங்க நடுவுல ஒன்னை ஓட்டி நல்லாருக்கா கெட்டிருக்கான்னு சொன்னா அது பாதிய தள்ளிடும், அப்புறம் மறுபடி நடுவுல, மறுபடி நடுவுல. 1000 பில்ட் இருந்தா கூட சுமார் 10 தடவைல எந்த பில்ட்ல கெட்டுச்சுன்னு புடிச்சுடலாம். டவுன்லோட் பல ஜிபி போகும், மொபைல் டேட்டால ஆரம்பிச்சுடாதீங்க.

படி 4: தமிழாக்கம்

வெப்லேட்ல போய் தமிழை எடுத்தா மொழிபெயர்க்காத வரி எல்லாம் வரிசையா நிக்கும். புது ஆளா இருந்தா முதல்ல சஜஷனா போடுங்க, தமிழ் டீம்ல இருக்கறவங்க பாத்து ஏத்துப்பாங்க. வரில பர்சன்ட் குறியோட வர்ற வார்த்தைய தொடாதீங்க, அங்க ப்ரோக்ராம் வேற எதையோ நிரப்பும், அதை மொழிபெயர்த்தா திரைல அசிங்கமா அப்படியே வரும். ~ குறி இருந்தா அது ஆல்ட் கீ ஷார்ட்கட்டுக்கு. சொல் தேர்வுல ரொம்ப சண்டை போடாதீங்க, ஏற்கனவே "கோப்பு"ன்னு இருந்தா நீங்களும் கோப்புன்னே போடுங்க, ஒரு மெனுல கோப்பு இன்னொரு மெனுல ஆவணம்னு இருந்தா யூஸ் பண்றவங்க பாவம்.

படி 5: சரி, கோட்

சி பிளஸ் பிளஸ் ஓரளவு தெரிஞ்சா வாங்க. புதுசா வர்றவங்களுக்குன்னே "ஈஸி ஹேக்"னு பக்ஸில்லால தனியா ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல பிகினர்னு குறிச்சதை மட்டும் எடுங்க. ஹெடர் ஃபைல்ல பழைய பாதுகாப்பு வரிய எடுத்துட்டு பிராக்மா ஒன்ஸ் போடறது மாதிரி சின்ன வேலை எல்லாம் கிடைக்கும். அல்பமா தோணும், ஆனா அதோட நோக்கமே உங்களை பில்ட் பண்ண வச்சு, பேட்ச் (நீங்க கோட்ல செஞ்ச மாத்தம்) அனுப்ப வச்சு பழக்கறது தான்.

முதல் பில்ட் தான் கண்டம். உபுண்டு மாதிரி லினக்ஸ் தான் லேசு, விண்டோஸ்லயும் முடியும் ஆனா செட்டப் பண்றதுக்குள்ள தாவு தீந்துடும். சோர்ஸை கிட்ல இறக்கி, ஆட்டோஜென் ஸ்கிரிப்டை ஓட்டி, மேக்ங்கற கட்டளைய குடுத்துட்டு தூங்கப் போயிடுங்க. என் பழைய லேப்டாப்ல ராத்திரி குடுத்தது காலைல காபி குடிக்கும்போதும் ஓடிட்டு இருந்துச்சு. ஹார்ட் டிஸ்க்ல பல பத்து ஜிபி காலியா வைங்க, சிகேஷ் (ஏற்கனவே கம்பைல் பண்ணினதை சேத்து வைக்கற டூல்) போட்டுக்கோங்க, அடுத்த தடவை நேரம் நிறைய மிச்சம்.

உள்ள போய் ஃபோல்டர் பேரைப் பாத்தா தலை சுத்தும், எல்லாம் ரெண்டு எழுத்து மூணு எழுத்து. எஸ்-டபிள்யூ ரைட்டர், எஸ்-சி கால்க், எஸ்-டி இம்ப்ரெஸும் டிராவும், அந்த எஸ் என்னன்னா பழைய "ஸ்டார்" தான், கம்பெனி போயி இத்தனை வருஷம் ஆகியும் இனிஷியல் போகல. கோட்ல முன்னாடி கமென்ட் எல்லாம் ஜெர்மன்ல இருந்துச்சு, அதை வரி வரியா இங்கிலீஷ்ல மாத்தினதே வாலன்டியர்ஸ் தான்.

முதல் பேட்ச் அனுப்பும்போது ஒரு மெயில் போடணும், என் கோட் எல்லாம் எம்பிஎல் 2, எல்ஜிபிஎல் 3 ரெண்டு லைசென்ஸ்லயும் போகலாம்னு. அவ்வளவு தான், காப்பிரைட் உங்களுதாவே இருக்கும், படி 0ல சொன்ன சண்டைக்கு இவங்க குடுத்த பதில் இது.

அப்புறம் கெரிட்ல ஏத்தினா ஜென்கின்ஸ்னு ஒரு மெஷின் லினக்ஸ், விண்டோஸ், மேக் எல்லாத்துலயும் பில்ட் பண்ணிப் பாக்கும். அது சிவப்பு காட்டினா உடனே நொந்துடாதீங்க, சில சமயம் தப்பு மெஷின் மேலயே இருக்கும், லாகை படிங்க. மெஷின் தாண்டினா மனுஷன் பாப்பார். என் முதல் பேட்சுக்கு மைனஸ் ஒன்னு (இப்படியே ஏத்துக்க முடியாதுன்னு குடுக்கற மார்க்) விழுந்துச்சு, மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு, ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகல. அப்புறம் பாத்தா கமிட் மெசேஜ் (மாத்தத்தோட சேத்து எழுதற குறிப்பு) சரியில்ல, ஒரு எடத்துல ஸ்பேஸ் தப்பு, இவ்வளவு தான் சொல்லியிருந்தார். திருத்தும்போது புது பேட்சா அனுப்பாதீங்க, அதே கமிட்டை அமெண்ட் பண்ணி (பழசையே திருத்தி) அனுப்பணும், இதை தெரியாம நான் ஒரே மாத்தத்துக்கு மூணு பேட்ச் ஏத்தி வச்சு அவங்களை குழப்பினேன். பதில் வரலன்னா ஒரு வாரம் கழிச்சு பணிவா ஞாபகப்படுத்துங்க. புது வெர்ஷன் ஆறு மாசத்துக்கு ஒன்னு வரும், 2024லேர்ந்து நம்பரே வருஷம் மாசம் தான், 24.2ன்னா 2024 பிப்ரவரி. இதுல சேரலன்னா அடுத்ததுல சேந்துக்கும்.

படி 6: மெம்பர் ஆகறது

மூணு மாசமாவது தொடர்ந்து ஏதாவது செஞ்சிருந்தா ஃபவுண்டேஷன்ல மெம்பரா சேர விண்ணப்பிக்கலாம், ஃபீஸ் கிடையாது, ஆனா அடுத்த ஆறு மாசமும் செய்வேன்னு வாக்கு குடுக்கணும். மெம்பரானா போர்டை தேர்ந்தெடுக்க ஓட்டு உண்டு, மொழிபெயர்த்தவருக்கும் கோட் எழுதினவருக்கும் அதே ஒரு ஓட்டு தான். விண்ணப்பத்துல என்னென்ன செஞ்சீங்கன்னு கேப்பாங்க, நான் எழுதி வைக்காம விட்டு பழைய கமென்ட் எல்லாம் தேடி எடுக்க ஒரு ஞாயித்துக்கிழமை பூரா போச்சு, அதனால நீங்க முதல் பக்லேர்ந்தே தேதி, பக் நம்பர், என்ன செஞ்சீங்கன்னு ஒரு ஷீட்ல குறிச்சு வைங்க, கால்க்லயே வைங்க.