வடசென்னைக் கால்வாய்களும் ஆகாயத்தாமரையும்: உள்ளாட்சித் திட்டமிடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் வேளையில் ஓட்டேரி நல்லா என்னும் ஓடையிலும் கேப்டன் காட்டன் கால்வாயிலும் பொக்லைன் இறங்குவதும், அள்ளிய ஆகாயத்தாமரை (வெங்காயத்தாமரை என்றும் சொல்லப்படும் மிதக்கும் களை) கரையில் குவிவதும், கோடைக்குள் அதே இடம் மீண்டும் பச்சையாக மூடிக்கொள்வதும் வடசென்னைக்குப் பழகிப்போன காட்சிகள். இயந்திரப் பற்றாக்குறையைவிடத் திட்டமிடுதலில் நேரும் பிழைகளே இதற்குப் பெரிய காரணம் என்று சொல்ல வேண்டும்.

அவற்றுள் முதன்மையானது, கழிவுநீரைப் பேசாமல் களையை மட்டும் பேசுவது. அமேசான் படுகையிலிருந்து உலகெங்கும் பரவிய இச்செடி, தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்த தேங்கிய நீரில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தன் பரப்பை இரட்டிப்பாக்கிக்கொள்ளக் கூடியது. அதன் விதைகளோ சேற்றுக்குள் பல ஆண்டுகள் முளைப்புத்திறன் கெடாமல் கிடக்கும். மழைநீர் வடிகாலில் முறைகேடாக இணைக்கப்பட்ட கழிவுநீர்க் குழாய்கள் தொடர்ந்து ஊட்டம் அளித்துக்கொண்டிருக்கும்வரை எத்தனை முறை அள்ளினாலும் செடி திரும்பி வரும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மழையே இல்லாத மே மாதத்தில் எந்த வடிகால் வாயிலிருந்து நீர் ஓடிவருகிறது என்று வார்டு உறுப்பினரும் பகுதி சபையினரும் நடந்து பார்த்துக் குறித்துக்கொண்டால், குடிநீர் வாரியத்திடம் கேட்க வேண்டிய வேலையின் பட்டியல் தயாராகிவிடும்.

அடுத்த தவறு, வார்டு எல்லையோடு வேலையை நிறுத்திக்கொள்வது. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறையின் பொறுப்பு. உள் கால்வாய்கள் பல மாநகராட்சியின் பொறுப்பு. மேற்பகுதியை விட்டுவிட்டுக் கீழ்ப்பகுதியை மட்டும் தூர்வாரினால், முதல் கனமழையிலேயே மேலிருந்து மிதந்து வரும் செடி பாலத் தூண்களிலும் மதகுகளிலும் சிக்கி நீரைத் தேக்கிவிடும். ஆகவே மண்டல அலுவலகங்களும் நீர்வளத் துறையும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழ்நோக்கி வரிசையாகச் செய்வதுதான் முறை.

எத்தனை டன் அள்ளினோம் என்பதையே வெற்றியின் அளவாகக் கொள்வதும் ஏமாற்றுக் கணக்கு. இச்செடியின் எடையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நீர்தான். அள்ளிய இரண்டு மாதங்களுக்குப் பிறகு எவ்வளவு பரப்பு திறந்த நீராக இருக்கிறது என்று அளந்து, அதன்படி ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுப்பது நியாயமானது. கரையிலேயே குவித்து வைத்தால் அழுகிய சத்தும் வேர்த்துண்டும் மழையோடு மீண்டும் கால்வாய்க்கே போகும். உரமாக்கலாம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் இச்செடி ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்து வைப்பது. தொழிற்சாலைக் கழிவு கலக்கும் மணலி, எண்ணூர் பக்கத்துக் கால்வாய்களில் அள்ளியதைச் சோதிக்காமல் காய்கறித் தோட்டத்துக்குக் கொடுப்பது கூடாது. களைக்கொல்லி தெளிப்பது அதைவிட மோசம்: மொத்தமாக மடிந்து அழுகும் செடி நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்து மீனையும் கொன்றுவிடும்.

பசுமையாகத் தெரியும் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வழித்தெடுப்பது பல்லுயிர்ப் பாதுகாப்புக்கு நேரே எதிரானது. ரெட்டேரி, மாதவரம் போன்ற ஏரிகளில் தாழைக்கோழியும் நீலத்தாழைக்கோழியும் சம்பு என்னும் கோரை வகைப் புதருக்குள்ளும், நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைகளின் மீதும் கூடு கட்டும். இலைக்கோழியின் இனப்பெருக்கக் காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை என்பதால், மழைக்கு முந்தைய அவசரத் தூர்வாரல் சரியாக முட்டைகளின் மேல் போய் விழுகிறது. ஏரியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சம்பு நிற்கும் ஓரத்தைத் தொடாமல், மிதக்கும் களையை மட்டும் எடுப்பது கடினமான வேலை அல்ல.

உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002, ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைப் பேண வேண்டும் என்கிறது. அப்பதிவேட்டை ஆலோசனை நிறுவனம் ஒன்று எழுதிக் கொடுத்து அலமாரியில் வைத்துவிட்டால், தூர்வாரும் பொறியாளருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எண்ணூர்க் கழிமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உப்புநீர் ஏறும் அங்கே ஆகாயத்தாமரை தாக்குப்பிடிக்காது. அங்குள்ள அந்நியப் படையெடுப்பு, மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் தென் அமெரிக்கச் சிப்பி. அது அடித்தரையை மூடி மட்டியையும் இறாலையும் விரட்டுவதை வலை இழுப்பவரும் கையால் இறால் பிடிப்பவரும் சொல்லக் கேட்காமல் எழுதப்படும் பதிவேடு எதற்கு? அலையாத்தி நடுவதிலும் இதே கவனம் தேவை: கரையோரப் பறவைகள் இரை தேடும் வெற்றுச் சேற்றுத்திட்டைக் காலி இடம் என்று எண்ணிக் கன்று நட்டுவிடுவதை அடிக்கடி காண முடிகிறது.

கடைசியாக, காலம். ஆகஸ்டில் ஒப்பந்தம் கோரினால் செப்டம்பரில்தான் இயந்திரம் இறங்கும். பிப்ரவரி முதல் மே வரை நீர் குறைவு, கூடுகளும் குறைவு. அப்போது பெரும்பகுதியை எடுத்துவிட்டு, அதன் பிறகு மாதம் ஒருமுறை சிறு படகில் சென்று புதிய முளைப்பை அகற்றினால் போதும். அந்த மாதாந்தரப் பராமரிப்புக்கான தொகை மார்ச் மாத வரவு செலவுத் திட்டத்திலேயே தனித் தலைப்பில் இடம்பெற வேண்டும். வெள்ளத் தடுப்பு நிதியில் அது எப்போதும் கடைசியாகத்தான் நினைவுக்கு வரும்.