எறும்பா, சிலந்தியா? கண்டுபிடிப்பது எப்படி

இலைமேல் தனியாகத் திரியும் எறும்பைப் பார்த்தால் நான் நின்றுவிடுவேன். வரிசையில் சேராமல், விட்டுவிட்டு ஓடி, நின்று திரும்பிப் பார்த்தால் அது எறும்பு வேடமிடும் மிர்மராக்னே என்ற பேரினத்துச் சிலந்தியாக இருக்கலாம். அதில் ஒன்று அச்சு அசலாக முசுறு (மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு) மாதிரியே இருக்கும்!

முதலில் கால்களை எண்ணுங்கள். ஏமாற்று வேலையே அங்கேதான் நடக்கிறது. சிலந்தி தன் 8 கால்களில் முன் ஜோடியைத் தூக்கி, உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டிருக்கும். எறும்பின் நிஜ உணர்கொம்பு முழங்கை போல நடுவில் மடங்கியிருக்கும், அதைக் கவனியுங்கள். அப்புறம் முகம். போன் கேமராவில் பெரிதாக்கினால், முன்பக்கம் இரண்டு பெரிய கண்கள் உங்களையே பார்க்கும். எறும்பின் கண்கள் பக்கவாட்டில் இருக்கும்.

இன்னும் சந்தேகமா? குச்சியால் இலையை மெல்லத் தட்டுங்கள். சிலந்தி என்றால் நூல் விட்டுக் கீழே இறங்கக்கூடும். நான் மிகவும் நம்பும் அடையாளம் அந்த நூல்தான். விரலால் மட்டும் தொடாதீர்கள், நிஜ முசுறு கடித்தால் தாங்காது. பல வேட்டைப் பிராணிகள் எறும்பை ஒதுக்குவதும் அதனால்தான்; அந்தப் பயமே இந்தச் சிலந்திக்குக் கவசம். ஆபத்தானதைப் போலத் தோன்றிப் பிழைக்கும் இந்த உத்தியை ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862-இல் பட்டாம்பூச்சிகளை வைத்து விளக்கினார்.

தேனீ வேடமிட்ட ஈ சுலபம்: தேனீக்கு 4 இறக்கை, ஈக்கு 2. ஈயின் உணர்கொம்பும் குட்டையாக இருக்கும். அது கொட்டாது, பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.